எந்த லெவல் சூடு?

எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூமிக்குள் இறங்கும் ஷாஃப்டுகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது, ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்குவதில்லை, மில்லில் கல் அரைக்கும் சத்தம் இல்லை. மூடாமல் மிச்சமிருப்பது கமிட்டி ஒன்றுதான். முழுப் பெயர், ஆழ்நிலைச் சுரங்கத் தொழிலாளர் குடும்ப வெப்ப நிவாரணச் சங்கம். சொல்லி முடிப்பதற்குள் நமக்கே கொஞ்சம் வெப்பம் வந்துவிடும் என்பதால் சங்கம் என்றே சொல்வோம்.

ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், தகரக் கூரை போட்ட, சுரங்க விளக்குகள் வைத்திருந்த பழைய விளக்கறையில் சங்கம் கூடுகிறது. அந்தக் காலத்தில் லெவல் லெவலாகப் பூமிக்குள் வெட்டிய தளங்களில், ஆழத்து லெவல்களில் பாறையே கொதிக்கும். அங்கே வேலை செய்து உடம்பு கெட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சூட்டினால் வரும் வியாதிக்கு மருந்துச் செலவு கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அதைக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, தொடாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சங்கத்துக்குள் யார் போனாலும் வாசலில் தொங்கும் பித்தளை டோக்கன் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வரும்போது அதே ஆணியில் மாட்ட வேண்டும். சுரங்கத்தில் இருந்த வழக்கம் இது. ஷிஃப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அப்போது அது உயிர் விஷயம். இப்போது டீ கொண்டுபோகிறவரும் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போகிறார். டோக்கன் திரும்பாவிட்டால், அந்த ஆள் கீழேயே தங்கிவிட்டதாக அறிவித்து, அஞ்சலி செலுத்தி, குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் குடையை மறப்பார்கள், செருப்பை மறப்பார்கள், கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போன மாமியாரையும் மறந்துவிட்டு வருவார்கள். டோக்கனை மறக்க மாட்டார்கள்.

மறந்தவள் குணசுந்தரி.

சாம்பியன் லைனில், பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில் குடியிருப்பவள். நாற்பத்திரண்டு வயது. அப்பா வேலு ஆழத்து லெவலில் டிரில் பிடித்தவர், நுரையீரலில் தூசி ஏறிப் போய்ச் சேர்ந்தார். கணவன் மனோகர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய அப்பாவும் சுரங்கம்தான். குணசுந்தரி விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூர் போய், கார்மென்ட்ஸில் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வரும் சட்டைகளில் தப்பு பிடிப்பாள். அவள் கண்ணுக்கு ஒரு தையல் தப்பாது என்று பெயர்.

போன வருஷம் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. செய்தவர் கட்டியோடு கர்ப்பப்பையையும், கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டு, இனி ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது. மார்பில் ஒரு நெருப்பு பற்றும், கழுத்துக்கு ஏறும், உச்சந்தலையில் போய் நிற்கும். ரவிக்கை தொப்பலாக நனைந்து, அடுத்த நிமிஷம் குளிரில் பல் அடிக்கும். தூக்கம் போயிற்று. மூட்டுக்கு மூட்டு வலி வந்தது. எல்லாவற்றையும்விட மறதிதான் அவளை உடைத்துப் போட்டது. பார்த்த சட்டையையே மறுபடி பார்த்தாள், பார்க்காத சட்டையைப் பார்த்ததாக அனுப்பினாள். சூப்பர்வைசர் கன்னடத்தில் ஒரு முறை திட்டினார், இங்கிலீஷில் ஒரு முறை திட்டினார். அடுத்த முறை திட்ட மாட்டார், கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

பங்காருபேட்டை ரெபேக்கா டாக்டர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"தானா நிக்க வேண்டியது ஒரே நாள்ல நின்னுபோச்சுமா. உங்க வயசுக்கு இன்னும் பல வருஷம் ஹார்மோன் மருந்து வேணும். சூட்டுக்கு மட்டும் இல்ல, எலும்புக்கும் வேணும். நடுவுல விடாதீங்க."

கையில் இருந்த சாம்பிள்களைக் கொடுத்தார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. குணசுந்தரி தூங்கினாள். தூங்கி எழுந்து, சாம்பிள் தீர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள்.

கம்பெனி இன்சூரன்ஸில் கேட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் உண்டு, நடமாடிக்கொண்டு மாத்திரை சாப்பிட்டால் இல்லை என்றார்கள். மலிவு விலை மருந்துக் கடையில் கேட்டாள். யாரும் கேட்பதில்லை, அதனால் வருவதில்லை என்றார்கள். நான் கேட்கிறேனே என்றாள். வருவதில்லையே, ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். போன் ஆப்பில் முதல் முறை வாங்குகிறவர்களுக்குப் பெரிய தள்ளுபடி என்று மனோகர் கண்டுபிடித்தான். தன் போனில் ஒரு முறை முதல் முறையானான். பிறகு ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த ஒவ்வொருவர் போனிலும் முதல் முறையானான். சீக்கிரத்தில் ஸ்டாண்டில் போன்கள் தீர்ந்துபோயின. மீசை வைத்த பரத் என்கிற டிரைவருக்கு, மேடம், உங்கள் ஹார்மோன் மாத்திரை தீரப் போகிறது, உடனே வாங்குங்கள் என்று இன்றுவரை மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது.

ரயிலில் பக்கத்தில் உட்காரும் ஜெனிட்டாதான் வழி சொன்னாள்.

"உங்க நைனா பேர்ல சங்கத்துல கேளுக்கா. சூட்டுக்குன்னுதான வெச்சிக்கீறாங்க? உனக்கு வர்றது சூடு இல்லாம இன்னா?"

சங்கத்தில் மூன்று பேர் முக்கியம். தலைவர் மாணிக்கராஜ், சுரங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்தவர். செயலாளர் டென்சில், லெவல் லெவலாகப் போய்த் தெர்மாமீட்டரில் சூடு பார்த்துவந்து சொன்னவர், அந்தத் தெர்மாமீட்டரை இன்னும் சட்டைப்பையில் வைத்திருப்பவர். மூன்றாவது, பெண்கள் பிரதிநிதி பாக்கியவதி. எழுபதைத் தாண்டிய விதவை. அவர் கருத்தைக் கடைசியில் கேட்பார்கள், சில சமயம் டீ வந்துவிட்டால் கேட்க மாட்டார்கள்.

குணசுந்தரி டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ரெபேக்கா டாக்டரின் சீட்டை நீட்டினாள். தலைவர் அதைப் பிரிக்கவில்லை.

"எந்த லெவல் சூடுமா?"

"இன்னா சார்?"

"சூடுன்னா ஒரு லெவல் இருக்கணும். லெவலுக்குத் தக்கனதான் நிவாரணம்."

"மார்ல பத்திக்குது சார். அப்படியே தலைக்கு ஏறுது."

டென்சில் குனிந்து தலைவரின் காதருகே போய், ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "மேல் பக்கமா போகுது சார். நம்ம ரூல்ல கீழ போகப் போகத்தான் சூடு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வரப்போகிறது என்று அர்த்தம்.

"மேல ஏறுற சூட்ட என் சர்வீஸ்லியே நான் பாக்கலமா. சூடுன்னா இன்னா தெரியுமா உனக்கு? உங்க நைனா மாதிரி ஆளுங்க கொதிக்கிற பாறைக்கு முதுகு குடுத்துக்கினு வேல செஞ்சாங்க. நான் மேல ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கினு, நிமிஷத்துக்கு ஒருவாட்டி போன் போட்டு, எவ்ளோ சூடு, எவ்ளோ சூடுன்னு கேட்டுக்கினே இருப்பேன். எனக்கு சோறு எறங்காது. எறங்காமயே சாப்டுவேன். அந்த மாதிரி சூடு உனக்கு வருதுன்னா கமிட்டி கண்ணால பாக்கணும்."

அப்படியாக, சூடு பார்க்கும் நாள் ஒன்று குறிக்கப்பட்டது. சித்திரை மாதத்தில், நட்ட நடு மத்தியானம். கையிலிருந்த மருந்தெல்லாம் தீர்ந்துபோயிருந்த குணசுந்தரி லீவு போட்டுவிட்டு வந்து, டோக்கனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். லீவுக்குச் சம்பளம் கிடையாது. டென்சில், சுரங்கத்தில் செய்ததுபோலவே தெர்மாமீட்டரின் முனையில் ஈரத்துணி சுற்றி அவள் தோளருகே தொங்கவிட்டார். நிஜமான சுரங்க நிலைமை வேண்டும் என்று தலைவர் சொன்னதால் கதவையும் ஜன்னல்களையும் சாத்தினார்கள். தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

சூடு வரவில்லை.

பஸ்ஸில் வந்தது, கோயிலில் வந்தது, மாமனார் திவசத்தில் இலை போடும்போது வந்தது. கூப்பிடாத இடத்துக்கெல்லாம் வந்தது, வா வா என்று உள்ளுக்குள் கெஞ்சியபோது வரவில்லை. வெட்கத்தை விட்டு நாலு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் நிலைமையை அங்கே யாரும் யோசிக்கவில்லை. டென்சில் தெர்மாமீட்டரைப் பார்த்தார், தலைவர் டென்சிலைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தலைவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அப்புறம் அடுத்த பட்டன். அப்புறம் நாற்காலியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரைக்கு வந்துவிட்டார்.

ஜன்னல்களைத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். பணியின்போது, சங்கத்தின் கூரைக்குக் கீழே, மூன்று பேர் கண்ணால் பார்க்க ஏற்பட்ட வெப்பம் என்பதால் தலைவருக்கு அங்கேயே முழு நிவாரணம் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தைத் தலைவரே வழிமொழிந்தார்.

பிறகு, தலையில் ஈரத்துண்டோடு தீர்ப்பு சொன்னார்.

"உன் சூடு சுரங்கத்துல உண்டானது இல்லமா. உன் சொந்த ஒடம்புல உண்டானது. சொந்த சூட்டுக்கு சங்கம் எப்படிப் பொறுப்பாவும்?"

அன்று டீ வரவில்லை. அதனால் பாக்கியவதியின் கருத்தைக் கேட்டார்கள்.

"எங்களுக்கெல்லாம் வரலியா? மாத்திர முழுங்கிக்கினா தாண்டனோம்? வாய மூடிக்கினு தாண்டனோம்" என்றார் பாக்கியவதி. சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணசுந்தரி எழுந்து வெளியே வந்தாள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டு ஓரமாக நடக்கும்போது வந்தது பாருங்கள் அந்த நெருப்பு, அது வரைக்கும் வராத அளவுக்கு. பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று அழுதாள். கேட்ட பணம் கிடைக்காததற்காக அழவில்லை. தன் உடம்பைப் பொய்க்காரியாக்கி அனுப்பிவிட்டார்களே என்று அழுதாள். டோக்கன் அவள் கைப்பையில் இருந்தது.

மறுநாள் ரயிலில் பாஸைத் தேடும்போது அது கையில் அகப்பட்டது.

"எங்க நைனா ஒரு நாளும் மறந்ததில்ல ஜெனி" என்றாள். "மூச்சு வாங்கிக்கினு, செவுத்தப் புடிச்சிக்கினு வருவாரு, அப்பவும் டோக்கன மாட்டிட்டுதான் வூட்டுக்கு வருவாரு. நான் இப்படி ஆயிட்டனே."

சாயங்காலமே கொண்டுபோய் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். சாயங்காலம் மறந்துபோனாள். அடுத்த நாளும் மறந்தாள். மருந்து இல்லாமலே நாள் போனது. தூக்கம் மறுபடி போயிற்று. ஒரு பெட்டிச் சட்டை முழுக்க காலர் திரும்பியிருந்ததைப் பார்க்காமல் அனுப்பியதில், செக்கிங் டேபிளிலிருந்து இறக்கி நூல் வெட்டும் இடத்தில் உட்காரவைத்தார்கள். புதிதாகச் சேரும் பெண்கள் செய்யும் வேலை அது. அங்கேயும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தப் பக்கம் சங்கத்தில் ஓர் ஆணி காலியாக இருப்பதை டென்சில் கவனித்து, வருகை நோட்டில் அந்த நம்பருக்கு நேரே குணசுந்தரி பெயர் இருப்பதைக் கண்டார். ஊரே அறிய சைரன் ஊதினார்கள். விதிப்படி ஒரு தேடும் குழு ஷாஃப்ட் வாய்க்குப் போய், கம்பி வேலிக்கு வெளியே நின்று, குணசுந்தரி, குணசுந்தரி என்று கூப்பிட்டது. பதில் வரவில்லை. அங்கிருந்து அவள் வீடு கூப்பிடு தூரம்தான். வாசலில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் குழு கீழ்நோக்கித்தான் கூப்பிட்டது.

அந்த வாரமே டென்சில் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது குணசுந்தரி.

"மனோகர் கீறாராமா?"

"ஸ்டாண்டுக்குப் போய்க்கீறாரு. இன்னா சார் விஷயம்?"

"அவர் சம்சாரம் தவறிட்டாங்க. சங்கத்து சார்பா துக்கம் விசாரிக்க வந்தேன்."

"சார், நான்தான் சார் அவர் சம்சாரம்."

"தெரியுதுமா" என்றார் டென்சில். "இருந்தாலும் ரூல்படி நீங்க கீழ கீறீங்க."

அவள் உள்ளே ஓடி, கைப்பையைக் கவிழ்த்து, டோக்கனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பு என்னுதுதான் சார். தெனம் கொண்டாரணும்னு நெனைக்கறேன், மறந்துபோவுது. முன்ன நான் இப்படி இல்ல சார். இந்தாங்க."

டென்சில் கையை நீட்டவில்லை. டோக்கனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருப்பும், ஒட்டிப்போன கன்னமும், ஒரு பக்கம் மட்டும் வாரின தலையுமாக அவள் நின்றாள். தெர்மாமீட்டர் இல்லாமல் அவர் ஓர் ஆளைப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இத நான் வாங்கி மாட்டிட்டேன்னா நீங்க உயிரோட வந்துடுவீங்க. மனு தள்ளுபடி ஆனது ஆனதுதான். வாங்கலன்னா, ஞாயித்துக்கெழம அஞ்சலிக் கூட்டம். உதவித்தொகைய அங்கியே குடுத்துடுவோம்."

"அதுக்கு ஒண்ணியும் பாக்க மாட்டீங்களா சார்?"

"எதுக்குப் பாக்கணும்? செத்தவங்கள நாங்க நம்பறோம்மா."

குணசுந்தரி கையிலிருந்த டோக்கனைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "அந்தப் பணத்துல மருந்து வாங்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னா வாங்கனீங்கன்னு சங்கம் கேக்காது."

அவள் டோக்கனை மூடிப் பிடித்துக்கொண்டாள். டென்சில் செருப்பைப் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒரு முறை துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

அஞ்சலிக் கூட்டத்துக்கு நல்ல கும்பல். மனுவில் ஒட்டியிருந்த போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். மனோகர் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். துக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. துக்கம்தான், ஆனால் ஊர் நினைத்த துக்கம் இல்லை. குணசுந்தரி கடைசி வரிசையில் ஜெனிட்டாவோடு உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்றுதான் அவன் சொன்னான். தனியாக அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம வேலுவோட பொண்ணு. எவ்ளோ சூடு வந்தாலும் மொகம் சுளிக்காத பொண்ணு. கூச்சம், மரியாத, வாய் தொறந்து ஒரு கஷ்டம் சொன்னது கெடையாது. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த நம்ம கிட்ட வந்து சொல்லி இருந்தா, இந்தச் சங்கம் சும்மா இருந்திருக்குமா?"

சும்மா இருந்திருக்காது என்று கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் குணசுந்தரிக்கு அது வந்தது. மார்பில் பற்றி, கழுத்துக்கு ஏறி, முகம் செக்கச் செவேலென்று ஆகி, வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. சுற்றி இருந்தவர்கள் விலகினார்கள். டென்சிலின் கை அவரை அறியாமலே சட்டைப்பைக்குப் போயிற்று. பின்வரிசைக்கு வந்து தெர்மாமீட்டரை அவள் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், ஏறுது" என்றார் மெதுவாக.

தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு ஆசையாகப் பார்த்தார். "சபாஷ், இதுதான் சூடு! யார்மா நீ? இந்த மாதிரி சூட்டுக்குத்தான் சங்கமே கீது. ஒரு மனு குடு. பேர் இன்னா சொல்லு."

அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லையே. குணசுந்தரி வாயைத் திறந்தாள். பெயரைச் சொன்னால் மருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அவள் யார்? மாலை போட்ட போட்டோவுக்குள்ளிருந்து அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேர் கெடக்குது. மொதல்ல தண்ணி கொண்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. பாக்கியவதி மேடையிலிருந்து இறங்கி வந்து, இரங்கல் அட்டையை விசிறியாக்கி அவளுக்கு வீசினார். அவள் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எனக்கு வந்தப்ப கொழாயடியில தலைய நீட்டிக்கினு நிப்பேன். லைன்ல எல்லாரும் பைத்தியம்னாங்க. எங்க வூட்டுக்காரரும் சொன்னாரு. இன்னாடி ஆச்சு உனக்குன்னு ஒருத்தரும் கேக்கல. அன்னிக்கு உன்ன நான் கேட்டிருக்கணும்மா."

குணசுந்தரி அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். அவளும் நின்றாள். மனோகர் மேடைக்குப் போய் உறையை வாங்கிக்கொண்டான். கூட்டம் முடிந்து ஒவ்வொருவராக வாசலில் டோக்கனை மாட்டிவிட்டுப் போனார்கள். செத்தவர்களுக்கு டோக்கன் கொடுப்பதில்லை என்பதால் அவளுக்கு மாட்ட ஒன்றும் இல்லை.

மருந்து வாங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பு தணிந்தது. தூக்கம் வந்தது, தூக்கத்தின் பின்னால் ஞாபகமும் வந்தது. செக்கிங் டேபிளில் ஆள் குறைந்த ஒரு நாளில் மறுபடி அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ஊரில் மட்டும் அவள் இல்லை. பழைய சுரங்கக்காரர்கள் எதிரே வந்தால் மரியாதையாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அப்பா பெயரைச் சொல்லி இனி எங்கேயும் எதையும் அவள் கேட்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மனோகர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பொங்கல் வரிக்கும் வரும்ங்க. அதுக்கப்பறம்? டாக்டரம்மா வருஷக்கணக்குல சொல்லிக்கீறாங்க."

அவன் துணியைப் பிழிந்து உதறினான். "எங்க நைனாவும் சுரங்கந்தான? எனக்கும் முதுகு காந்துதுன்னு ஒரு மனு குடுக்கறேன்."

"உங்களுக்கு மட்டும் குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. உள்ள கூப்டறப்ப டோக்கன் குடுப்பாங்க இல்ல?"

அவள் கையிலிருந்த அட்டை அப்படியே நின்றது. "குடுப்பாங்க" என்றாள்.

"மாட்ட மறந்துட்டு வந்துடறேன்."